செக்ரோல் வீட்டுப் பிள்ளைகளும் பொருளாதார முதுகலையும்

1946 ஜூலையில் லண்டனிலிருந்து ஓர் இளம் பொருளியலாளர் மலாயாவுக்கு வந்தார். பெயர் பீட்டர் பாவர். புடாபெஸ்ட்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். ஜப்பான்காரன் காலம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் யார் திரும்புவார், யார் திரும்பமாட்டார் என்று லயங்களில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பாவர் மூன்று மாதம் கித்தாக் காடுகளைச் சுற்றினார். சிறு தோட்டக்காரர்கள் விலை ஏறினால் என்ன செய்கிறார்கள், இறங்கினால் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டார். 1948இல் ரப்பர் தொழிலைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. ஏழை நாட்டு விவசாயிக்கு விலைக்கணக்கு தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதிலடி. பாவர் பிற்பாடு லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியர் ஆனார். பிரபு பட்டமும் வந்தது.

அவர் ஒருவர் மட்டுமில்லை. சார்ல்ஸ் கம்பா தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் வரலாற்றை 1962இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையிலிருந்து உங்கு அஜீஸ் ஓர் அறிக்கையை வெளியிட்டார். 1951 முதல் 1960 வரை பெரிய தோட்டங்கள் எப்படித் துண்டு துண்டாக விற்கப்பட்டன, தொழிலாளர் கதி என்னவாயிற்று என்பதுதான் அதன் பொருள். அந்தத் துறையில் இன்றுவரை எடுத்துப் பார்க்கிற ஆவணம் அது. கித்தா மரம் பாலோடு பட்டங்களையும் கொடுத்திருக்கிறது. அவற்றை வாங்கிக்கொண்டவர்களில் மரம் வெட்டியவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அபூர்வம்.

இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் முதுகலைக்கு விண்ணப்பம் போடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருளாதாரமும் நிதியியலும் ஏன் வேண்டும், எவ்வளவு செலவாகும், யாருக்கு வேண்டாம் என்று பேசத்தான் இந்தக் கட்டுரை.

கோலப்பிலாச் சாலை முடிகிற இடம்

பகாவ், கோலப்பிலா பக்கத்திலிருந்து வரும் 51ஆம் எண் கூட்டரசுச் சாலை, புக்கிட் பூத்துஸ் மலையைக் கடந்து இறங்கினால் பாரோய். ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கம் தெரியும். அரங்கத்தைச் சுற்றித் தாமான்கள். அப்படியே அம்பாங்கான், சிரம்பான் என்று ஊர் தொடர்கிறது. ஒரு காலத்தில் பகாவ் பக்கத் தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் தீபாவளிச் சாமானுக்கும் மட்டும் இந்தச் சாலையில் வந்தவர்கள், பிறகு மூட்டை முடிச்சோடு வந்தார்கள். மறுபக்கத்தில் லாபு, ரந்தாவ், லிங்கி என்று இன்னொரு தோட்ட வட்டாரம். அங்கே நிலமே வேறு வேடம் போட்டுக்கொண்டது. கித்தா செம்பனையாகி, செம்பனை வீட்டுமனையாகி, சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று புதிய பெயர்கள் எழுந்தன. லாபு பக்கம் மலேசியா விஷன் வேலி என்ற பெருந்திட்டம் நிற்கிறது.

தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். கணக்காய்வு, பொறியியல், தாதிமை, ஆசிரியப் பயிற்சி. டாக்டர், வக்கீல் என்றால் குடும்பமே கடன்படும். "எக்கனாமிக்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன்" என்று ஒரு பெண் சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி, "அதுக்கு என்ன வேலை கொடுப்பாங்க?" இரண்டாவது, "டிகிரி முடிச்சாச்சே, இன்னும் எதுக்கு லா?" இரண்டுமே மதிக்க வேண்டிய கேள்விகள். வீட்டுக்கடனும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் இருக்கிற வீட்டில் அம்மா கேட்பது அறியாமையால் அல்ல. பொருளியல் பாடநூலில் வாய்ப்புச் செலவு என்று ஒரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தால் கைவிட்டுப் போகிற இன்னொன்றின் மதிப்பு. அம்மா கேட்பது அதைத்தான்.

படம் போடும் பாடம் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொருளியலும் நிதியியலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும், சில பல்கலைக்கழகங்களில் ஒரே பட்டத்தின் பெயரில்கூட இருக்கும், ஆனால் கேட்கிற கேள்வி வேறு. சம்பளம் ஏன் இந்த அளவில் நிற்கிறது, ரிங்கிட் ஏன் இறங்குகிறது, குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டினால் யாருக்கு வேலை போகும் என்று பொருளியல் கேட்கும். இன்றைக்குக் கையில் இருக்கும் ஒரு ரிங்கிட்டும் பத்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு ரிங்கிட்டும் சமமா, இடையில் உள்ள ஆபத்துக்கு என்ன விலை என்று நிதியியல் கேட்கும்.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் முதுகலை 7ஆம் நிலை. பாடவழியில் படித்தால் குறைந்தது 40 கிரெடிட். ஆய்வுவழி, இரண்டும் கலந்த வழி என்று வேறு பாதைகளும் இருக்கின்றன. இளங்கலையில் தேவைக் கோடு, வழங்கல் கோடு என்று படம் போட்டுத் தேறிவந்தவர்களுக்கு முதல் பருவத்தில் அதிர்ச்சி காத்திருக்கிறது. படங்கள் மறைந்து நுண்கணிதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருளியல் அளவையியல் என்ற பாடம் எல்லாரையும் ஒரு தடவை அழ வைக்கும். இரண்டு எண்கள் ஒன்றாக ஏறி இறங்குவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை அது ஒரு பருவம் முழுக்க வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும். எஸ்டிபிஎம்மில் கணிதம் எடுக்காமல் வந்தவர்கள் சேர்வதற்கு முன்பே ஆறு மாதம் கணிதத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருவது நல்லது. இதை விளம்பரத் துண்டறிக்கை சொல்லாது.

கரும்பு, கித்தா, ஆர்தர் லூயிஸ்

இந்தப் படிப்பில் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் தன் குடும்பத்தின் கதைக்கு ஒரு விளக்கம் கிடைக்கும்.

ஆர்தர் லூயிஸ் கரீபியக் கடலில் உள்ள செயிண்ட் லூசியாவில் பிறந்த கறுப்பினப் பொருளியலாளர். 1954இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, வளர்ச்சிப் பொருளியல் என்ற துறைக்கே அடிக்கல். 1979இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் அவர் தன் ஊர்க் கரும்பை எடுத்துப் பேசுகிறார். கரும்பு விளைச்சல் பலமடங்கு பெருகியிருக்கிறது, ஆனாலும் கரும்புத் தொழிலாளி வெறுங்காலோடுதான் நடக்கிறான். கோதுமை விளைவிப்பவனோ உலகிலேயே வசதியானவர்களில் ஒருவன். ஏன்?

லூயிஸின் பதில் இப்படிப் போகிறது. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தை நிர்ணயிப்பது அவன் எவ்வளவு பால் எடுக்கிறான் என்பது அல்ல. அவன் விட்டுவந்த ஊரில் ஒரு காணி நிலத்தில் என்ன விளைந்தது என்பதுதான். வானம் பார்த்த பூமியில் அரை வயிறுகூட நிரம்பாது என்றால், அதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலே ஆள் கப்பலேறிவிடுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கோடிக்கணக்கானவர்கள் அப்படிக் கப்பலேறினார்கள். அந்த வரிசை நீண்டுகொண்டே போகும்வரை தோட்ட முதலாளி சம்பளத்தை உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை. ஒட்டுக்கன்று வந்து மகசூல் கூடினால் அந்த லாபம் தொழிலாளிக்குப் போகாது, ரப்பர் விலை குறைந்து டயர் வாங்குபவனுக்குப் போகும்.

இதைப் படித்துவிட்டு நம் வரலாற்றுத் தேதிகளைப் பார்த்தால் அவை வேறு மாதிரி தெரிகின்றன. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி. முதலாளிகள் எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி, ஆட்களைக் கொண்டுவரும் கப்பல் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் செலவில் வந்த ஆளை இன்னொருவர் கூடுதல் கூலி காட்டி இழுக்கும் போட்டி அதனால் தணிந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேலையின்மை நாகப்பட்டினத்துக்கு ஏற்றுமதியானது. 1938இல் இந்திய அரசாங்கம் கங்காணி வழி ஆள்சேர்ப்பை நிறுத்தியது. லூயிஸின் கணக்குப்படி அப்போது குழாய் மூடப்பட்டிருக்க வேண்டும், சம்பளம் ஏறியிருக்க வேண்டும். ஆனால் இடையில் போர் வந்தது, சங்கம் வந்தது, போராடி வாங்கியதும் உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. பிறகு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இன்னொரு வரிசை தொடங்கியது.

நம் ஆட்கள் சோம்பேறிகள், முன்னேறத் தெரியாதவர்கள் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் நாமே சொல்லிக்கொள்வது உண்டு. அந்தப் பேச்சுக்கு மேடையில் எத்தனையோ பேர் உணர்ச்சியோடு பதில் சொல்லியிருக்கிறார்கள். லூயிஸ் உணர்ச்சியே இல்லாமல் சொன்ன பதில் அதைவிடக் கனமானது என்பது என் எண்ணம்.

ஒரு ரிங்கிட், 28 வருடம்

நிதியியலுக்கு நம்மிடம் உள்ள பாடம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அறுபதைத் தாண்டிய யாரிடமும் இரண்டு பெயர்களைச் சொன்னால் முகம் இரண்டு விதமாக மாறும்.

முதலாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கியது. தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால்வெட்டுக்காரர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். உங்கு அஜீஸ் அறிக்கை எந்த நோயைப் பதிவு செய்ததோ, அதே நோய்க்குக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் எழுந்த மருந்து இது. சங்கம் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, மைக்கா ஹோல்டிங்ஸ். 1982இல் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம். ஏறக்குறைய 66,000 பேர் பங்கு வாங்கினார்கள், பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. தாலிக்கொடியை அடகு வைத்தும் மளிகைக்கடையில் கடன் சொல்லியும் பங்கு வாங்கிய கதைகள் ஏராளம். 1990இல் டெலிகாம் தனியார்மயமானபோது மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளில் பத்து லட்சம் மட்டுமே அதன் கைக்கு வந்தது, மற்றவை வேறு நிறுவனங்களுக்குப் போயின என்ற சர்ச்சை வெடித்தது. குற்றச்சாட்டு, மறுப்பு, விசாரணை என்று அது வருடக்கணக்கில் ஓடியது. கடைசியில் 2010இல் ஜி டீம் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு தருவதாக முன்வந்தது.

யார் குற்றவாளி என்று தேடுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. முதுகலை நிதியியலின் முதல் அத்தியாயத்தை மட்டும் இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். 1982இல் போட்ட ஒரு ரிங்கிட் 2010இல் 80 காசு. இருபது காசுதானே நட்டம் என்று தோன்றும். அதே ஒரு ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் இருந்திருந்தால்? சேமநிதி 1980களில் ஆண்டுக்கு 8 முதல் 8.5 விழுக்காடு ஈவுத்தொகை கொடுத்தது, பிறகு குறைந்தது. சராசரி 6 விழுக்காடு என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். 28 வருடக் கூட்டுவட்டியில் ஒரு ரிங்கிட் ஐந்து ரிங்கிட்டைத் தாண்டிவிடும். இடையில் மைக்காவிலிருந்து ஈவுத்தொகை ஏதும் வந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆக நட்டம் 20 காசு அல்ல, நான்கு ரிங்கிட் பக்கம். ஆயிரம் ரிங்கிட் போட்ட பால்வெட்டுக்காரருக்கு நாலாயிரம்.

இரண்டாம் அத்தியாயம் பணத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்றால் என்ன ஆகும் என்பது. ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க நிதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். சொந்தக்காரர் ஒரே ஆளாக இருந்தால் நடத்துபவரைக் கண்காணிப்பார். 66,000 பேராக இருந்தால் யாருக்கும் கண்காணிக்கும் செலவு கட்டுப்படியாகாது. கொஞ்சம் பங்கு மட்டும் வைத்திருப்பவர் ஒரு நாள் வேலையைவிட்டு ஆண்டுக்கூட்டத்துக்குக் கோலாலம்பூர் போவாரா? போனாலும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்க ஆள் வேண்டுமே. சமூகத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் பெருகியிருந்த அந்த நாளில், மேடை ஏறி மூன்றாம் பக்கத்துக் கணக்கைக் காட்டிக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் கைவிரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். உணர்ச்சிப் பேச்சாளர்களுக்குப் பஞ்சமே இல்லை.

தோட்டத்துப் பெண்கள் தங்களுக்குள் கட்டிய கூட்டுப் பணத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்பது வேடிக்கை. பத்துப் பேர், எல்லாரும் ஒரே லயம், ஏமாற்றினால் மறுநாள் குழாயடியில் முகம் காட்ட முடியாது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதே சுழல் சேமிப்பு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று பெஸ்லி, கோட், லவ்ரி மூவரும் 1993இல் அமெரிக்காவின் முதன்மைப் பொருளியல் இதழில் கணிதத்தோடு நிறுவினார்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

இப்போது செலவுக்கு வருவோம். மாதம் 2,800 ரிங்கிட் சம்பளம் கிடைக்கக்கூடிய ஒரு பட்டதாரி வேலைக்குப் போகாமல் ஒன்றரை வருடம் முழுநேரம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்டுப் போகும் சம்பளம் மட்டும் 50,400 ரிங்கிட். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. பெரிய செலவு கட்டணம் அல்ல, சம்பளமில்லாத மாதங்கள்தான். உதவித்தொகை தேடுகிறவர்கள் கட்டணத்துக்கு மட்டும் கொடுப்பதா, மாதச் செலவுக்கும் கொடுப்பதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

அரசாங்கத்தின் மைபிரெய்ன் திட்டம் சில வருடம் நின்றுபோய் மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. பேங்க் நெகாராவும் கல்வி உதவி வழங்குகிறது. சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம். பெற்றோரும் பிள்ளைக்காக எடுக்கலாம். இந்தக் கடைசி வழியை நான் கொஞ்சம் பயத்தோடு சொல்கிறேன். தோட்டத்து வேலையில் சேர்ந்த சேமநிதி ஏற்கெனவே மெலிந்தது. முதல் பட்டத்துக்கே அதில் கைவைத்த குடும்பம், இரண்டாம் பட்டத்துக்கும் வைத்தால் அப்பாவின் முதுமைக்கு மிஞ்சுவது என்ன என்று கணக்குப் பார்ப்பது நிதியியல் மாணவியின் முதல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும். பிடிபிடிஎன் கடன் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இளங்கலையில் முதல் வகுப்பு வாங்கினால், நடப்பு நிபந்தனைகளுக்குப் பொருந்தும் பட்சத்தில், அந்தக் கடனிலிருந்து விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். இளங்கலையின் கடைசி ஆண்டில் இருப்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

பகுதிநேரப் படிப்பு இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஒத்துப்போகிறது. காரணம் ரயில். பூலாவ் செபாங்கிலிருந்து பத்துமலை வரை ஓடும் கொமுட்டரில் சிரம்பானில் ஏறினால் திரோய், லாபு தாண்டி நீலாய். அங்கே மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பிரிவு இருக்கிறது. பாத்தாங் பெனார், பாங்கிக்கு அடுத்து யூகேஎம் என்றே ஒரு நிலையம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். கேஎல் சென்ட்ரலில் மாறினால் மலாயாப் பல்கலைக்கழகமும், இஸ்லாமிய நிதியியலுக்காக 2005இல் மத்திய வங்கி தொடங்கிய இன்செய்ஃபும். மாறாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு நிலையம் தள்ளி பேங்க் நெகாரா. இஸ்லாமிய நிதியியல் நமக்கெதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. சுக்குக் எனப்படும் இஸ்லாமியக் கடன்பத்திரங்களின் உலகச் சந்தையில் மலேசியாதான் முன்னணி. இங்கே வங்கியில் வேலை பார்க்கப்போகிறவர் அதைத் தெரியாமல் இருப்பது, பகாவில் இருந்துகொண்டு செம்பனை தெரியாமல் இருப்பது மாதிரி.

யாருக்கு இந்தப் படிப்பு வேண்டாம்? வேலை கிடைக்காததால் காலத்தை ஓட்ட முதுகலை சேர்கிறவர்களுக்கு வேண்டாம். ஒன்றரை வருடம் கழித்து அதே சந்தையில், வயது கூடி, கடன் கூடி நிற்பார்கள். கணக்காய்வாளர் ஆவதுதான் இலக்கு என்றால் ஏசிசிஏ நேர்வழி. முதலீட்டு ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் சிஎஃப்ஏ தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். பொருளியல் முதுகலை பொருந்துவது மத்திய வங்கி, நிதியமைச்சு, புள்ளிவிவரத் துறை, ஆய்வு நிறுவனங்கள், வங்கிகளின் ஆய்வுப் பிரிவு, பிறகு முனைவர் பட்டம் என்று போகிறவர்களுக்கு. இடங்கள் குறைவு, உண்மைதான். அந்தக் குறைவான இடங்களில் இருந்துதான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500ஆ 1,700ஆ என்பதற்கான தாள்கள் எழுதப்படுகின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700.

முன்னோடிகளும் இல்லாமல் இல்லை. லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்ற டாக்டர் ஆர்.தில்லைநாதன் கெந்திங் குழுமத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர், மலேசியப் பொருளியல் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற ராஜா ராசையா, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொழில்மயப் பொருளியலில் உலகறிந்த பேராசிரியர். எல்லை தாண்டினால் தர்மன் சண்முகரத்தினம். பொருளியல் படித்து, நாணய வாரியத்தை நடத்தி, 2023இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

எழுதப்படாத ஆய்வேடுகள்

மலேசியப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரு அலுப்பு வரும். நாட்டின் மொத்த உற்பத்தி, பணவீக்கம், நேரடி அந்நிய முதலீடு. முப்பது நாற்பது வருடத் தரவை இணையத்திலிருந்து இறக்கி, ஈவியூஸ் மென்பொருளில் போட்டு, பெசரான் குழு 2001இல் கொடுத்த எல்லைச் சோதனையை ஓட்டி, நீண்டகால உறவு இருக்கிறது என்று முடிப்பது. தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சிரம்பானில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

செம்பனை எண்ணெயின் முன்பேர ஒப்பந்தம் 1980இல் கோலாலம்பூரில் தொடங்கியது. ஓர் ஒப்பந்தத்துக்கு 25 டன். உலகம் முழுக்கச் சமையல் எண்ணெய் வியாபாரிகள் காலையில் எழுந்ததும் பார்க்கிற விலை அது. 2022 மார்ச்சில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. பெருந்தொற்றில் எல்லை மூடி ஆள் வராததால் குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தன, அதுவும் விலை ஏறியதற்கு ஒரு காரணம். அந்த விலையில் எத்தனை காசு அறுவடைக்காரரின் சம்பளத்துக்கு இறங்கியது? 2020 டிசம்பரில் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் சைம் டார்பி பிளாண்டேஷனின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது, 2023 பிப்ரவரியில் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது, பங்கு விலை அதை எப்படி மதிப்பிட்டது? இரண்டும் நிதியியல் முதுகலைக்கு அளவெடுத்த கேள்விகள்.

இன்னொன்று பெரியது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் ஐந்தொகை. விடைபெறும்போது என்ன தொகை கையில் வந்தது, தாமான் வீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது, கூட்டு எவ்வளவு, அடகு எவ்வளவு, சேமநிதி எவ்வளவு, மைக்காவில் எவ்வளவு மாட்டிக்கொண்டது, யார் வீட்டில் பெண் பிள்ளை படிப்பை நிறுத்தினாள். நானூறு வீடுகளில் கேட்டு எழுதினால் உங்கு அஜீஸ் அறிக்கையின் அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும். மேற்பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி, தரவு எங்கே என்பது. தரவு பாரோய், செனவாங், ரந்தாவ், மம்பாவ் தாமான்களில் குடியிருக்கிறது. செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே போட்ட குறிகளுக்கு அர்த்தம் சொல்லக்கூடிய கிராணிகளும் மண்டோர்களும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே இதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போட முடியாது. பாங்கியிலோ நீலாயிலோ பதிவு செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போனால் இரண்டு வருடத்தில் முடிகிற வேலை. தமிழ் தெரிந்தவர் போனால் செலவு பெட்ரோலோடு நிற்கும். தெரியாதவர் போனால் மொழிபெயர்ப்பாளர் சம்பளம் தனி.